வீட்டு அருகலையும் அணுகுமுனைத் தேர்வும்

நுழையும்முன்

கல்வி, மருத்துவ ஆலோசனை, வங்கிச் சேவை, தேர்வு விண்ணப்பம் எனப் பலவும் இன்று இணையத்தின் வழியே வீட்டை வந்தடைகின்றன. ஒரே திசைவியின் அலை வீடு முழுவதும் எட்டாதபோது, மக்கள் இரண்டு அல்லது மூன்று அணுகுமுனைகளை நிறுவுகின்றனர். அதன் பிறகும் இணைப்பு தடுமாறுவதுண்டு. முனைகள் பல இருக்கையில் ஒரு கருவி எந்த முனையோடு இணைகிறது? அதனை முடிவு செய்வது யார்? அம்முடிவை எவ்வாறு நெறிப்படுத்தலாம்? இவ்வினாக்களுக்கு விடை காண முற்படுகிறது இப்பாடம்.

அருகலையும் கண்ணிவலையும்

கம்பிவழியே வரும் தரவை மின்காந்த அலைகளாக மாற்றிக் கருவிகளுக்கு அனுப்புவதும், கருவிகள் அனுப்பும் அலைகளைப் பெற்று மீண்டும் கம்பிவழியே செலுத்துவதும் அணுகுமுனையின் பணியாகும். வீடுகளில் திசைவி எனப்படும் ரூட்டருக்குள்ளேயே ஓர் அணுகுமுனையும் அமைந்திருக்கும். இத்தகைய கம்பியில்லாத் தொடர்புக்கான பொதுநெறி, 802.11 என்னும் எண்ணுடன் 1997ஆம் ஆண்டு வெளியிடப்பட்டது. அந்நெறியைப் பின்பற்றும் கருவிகளுக்குச் சான்றளிக்கும் கூட்டமைப்பு 1999ஆம் ஆண்டு தோன்றியது. வைஃபை என்னும் பெயர் அக்கூட்டமைப்பின் வழியே உலகெங்கும் பரவியது. தமிழில் அது அருகலை என வழங்கப்படுகிறது.

வீட்டு அருகலை பெரும்பாலும் 2.4 கிகா ஹெர்ட்ஸ், 5 கிகா ஹெர்ட்ஸ் ஆகிய இரு அதிர்வெண் பட்டைகளில் இயங்குகிறது. செங்கல் சுவரும், இரும்புக் கம்பி பதித்த கான்கிரீட் தளமும், இரும்பு அலமாரியும், நீர்த்தொட்டியும் இந்த அலைகளை வலுவிழக்கச் செய்கின்றன. 5 கிகா ஹெர்ட்ஸ் பட்டை மிகுந்த வேகம் தரவல்லது. எனினும், சுவர்களைக் கடக்கையில் அதன் வலிமை விரைவாகக் குறைந்துவிடும். 2.4 கிகா ஹெர்ட்ஸ் பட்டை தொலைவு வரை எட்டும், ஆனால், வேகம் குறைவு, நெரிசலும் மிகுதி.

தரைத்தளக் கூடத்தில் உள்ள திசைவியின் அலை, மாடியின் கடைசி அறையை அடையும்போது மிகவும் நலிந்துவிடுகிறது. இதற்குத் தீர்வாக வந்ததே மெஷ் எனப்படும் கண்ணிவலை அமைப்பு. இதில் முதன்மை முனை ஒன்று இணையக் கம்பியோடு இணைந்திருக்கும். துணைமுனைகள் வீட்டின் பிற பகுதிகளில் நிற்கும். முனைகள் தமக்குள் வானலை வழியாகவோ கம்பிவழியாகவோ தரவைப் பரிமாறிக்கொள்ளும். மீன்வலையில் ஒவ்வொரு முடிச்சும் அடுத்த முடிச்சுகளோடு கட்டுண்டிருப்பதைப் போன்றது இந்த அமைப்பு. வீடுகளுக்கெனத் தனித்தொகுப்பாக இவை 2016ஆம் ஆண்டு முதல் பரவலாக விற்பனைக்கு வந்தன. வெவ்வேறு நிறுவனங்களின் முனைகள் ஒன்றோடொன்று சேர்ந்து இயங்குவதற்கான சான்றளிப்புத் திட்டம் 2018ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது.

முடிவு யாருடையது?

கடற்கரைக் கலங்கரை விளக்கம் இடைவிடாது ஒளியை வீசித் தன் இருப்பை உணர்த்துகிறது. அதுபோல ஒவ்வோர் அணுகுமுனையும் நொடிக்கு ஏறத்தாழ 10 முறை ஓர் அறிவிப்பை ஒலிபரப்புகிறது. வலையமைப்பின் பெயர், பாதுகாப்பு முறை, முனை தரவல்ல வேகங்கள் முதலியன அவ்வறிவிப்பில் அடங்கியிருக்கும். முனைக்கே உரிய 12 இலக்க அடையாள எண்ணும் அதில் இருக்கும். கண்ணிவலையின் எல்லா முனைகளும் ஒரே பெயரை அறிவிக்கும். ஆனால், அடையாள எண்கள் வேறு வேறானவை. திறன்பேசியின் திரையில் மனிதர் காண்பது ஒரு பெயரை மட்டுமே. திறன்பேசியோ அப்பெயருக்குள் பல முனைகளைத் தனித்தனியே அறிந்துகொள்கிறது.

இவ்வறிவிப்புகளைக் கேட்டு, ஒப்பிட்டு, ஒரு முனையைத் தேர்ந்து, இணைய வேண்டுகோள் விடுப்பது கருவியே. பின்னர் ஒரு முனையை விட்டு மற்றொன்றுக்கு எப்போது மாறுவது என்பதையும் கருவியே முடிவு செய்கிறது. 802.11 நெறி, மாறும் முறையை வகுத்துள்ளதே தவிர, மாறவேண்டிய தருணத்தை வகுக்கவில்லை. அதனை ஒவ்வொரு நிறுவனமும் தன் கருவிக்கு ஏற்ப அமைத்துக்கொள்கிறது. எனவே, ஒரே வீட்டில், ஒரே மேசைமேல் இருக்கும் இரு திறன்பேசிகள் வெவ்வேறு முனைகளோடு இணைந்திருப்பது இயல்பே.

செல்பேசி வலையமைப்போடு ஒப்பிட்டால் இவ்வேறுபாடு நன்கு விளங்கும். ஓடும் தொடர்வண்டியில் ஒருவர் பேசிக்கொண்டே செல்கிறார் எனக் கொள்வோம். அவருடைய செல்பேசி, சுற்றியுள்ள கோபுரங்களின் சைகை வலிமையை அளந்து வலையமைப்புக்குத் தெரிவிக்கும். உரையாடலை எந்தக் கோபுரத்திற்கு மாற்றுவது என்பதை வலையமைப்பு முடிவு செய்யும். அங்கே கட்டளையிடுவது வலையமைப்பு. அருகலையில் தேர்வு செய்வது கருவி.

இவ்வாறு அமைந்ததற்குத் தக்க காரணமும் உண்டு. கருவி நிற்கும் இடத்தில் எந்த முனையின் அலை எவ்வளவு வலிமையுடன் கேட்கிறது என்பது கருவிக்கே நேரடியாகத் தெரியும். முனைகள் தம்மை வந்தடையும் அலையை மட்டுமே அளக்க இயலும்.

விடாது பற்றும் கருவி

சைகையின் வலிமை டிபிஎம் என்னும் அலகால் அளக்கப்படுகிறது. ஒரு மில்லிவாட் ஆற்றல் 0 டிபிஎம் ஆகும். இவ்வலகில் 10 குறைந்தால், ஆற்றல் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கும். ஆகவே −50 டிபிஎம் என்பது ஒரு மில்லிவாட்டில் இலட்சத்தில் ஒரு பங்கு. −70 டிபிஎம் என்பது கோடியில் ஒரு பங்கு. இத்துணை நுண்ணிய ஆற்றலைக் கொண்டே கருவிகள் செய்தியை உணர்கின்றன. −50 டிபிஎம் மிக நல்ல சைகை. −67 டிபிஎம் அளவில் காணொலி உரையாடல் பொதுவாகத் தடையின்றி நிகழும். −80 டிபிஎம் அளவில் இணைப்பு தடுமாறத் தொடங்கும்.

ஐபோன், ஐபேட் கருவிகள் எப்போது முனை மாறும் என்பதை ஆப்பிள் நிறுவனம் தன் தொழில்நுட்பக் குறிப்பில் விளக்கியுள்ளது. அதன்படி, இணைந்துள்ள முனையின் வலிமை −70 டிபிஎம் அளவைவிடக் குறைந்த பின்னரே கருவி வேறு முனையைத் தேடும். தரவுப் பரிமாற்றம் நிகழும் வேளையில், புதிய முனை குறைந்தது 8 டெசிபெல் கூடுதல் வலிமை உடையதாக இருந்தால்தான் மாறும். கருவி வாளா இருக்கும் வேளையில் இவ்வேறுபாடு 12 டெசிபெல் இருத்தல் வேண்டும்.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். தரைத்தளக் கூடத்தில் முதன்மை முனையும் மாடி அறையில் துணைமுனையும் உள்ள ஒரு வீட்டைக் கருதுக. மாணவி ஒருவர் கூடத்தில் திறன்பேசியைப் பயன்படுத்திவிட்டு, இணையவழி வகுப்புக்காக மாடி அறைக்குச் செல்கிறார். அங்கே கீழ்த்தள முனையின் வலிமை −68 டிபிஎம். அருகிலுள்ள மாடி முனையின் வலிமை −45 டிபிஎம். இவற்றுக்கு இடைப்பட்ட 23 டெசிபெல் வேறுபாடு, ஏறத்தாழ 200 மடங்கு ஆற்றலைக் குறிக்கும். எனினும், −70 என்னும் எல்லையைத் தாண்டாததால் அக்கருவி கீழ்த்தள முனையையே பற்றிக்கொண்டிருக்கும். கைக்கெட்டும் தொலைவில் வலிய முனை இருந்தும் நலிந்த முனையின் வழியே வகுப்பு நடைபெறும். கதவை மூடினால் வலிமை மேலும் குறையும், அவ்வேளையில் குரல் அறுபடும், காணொலி உறையும்.

கருவியின் இப்போக்கைக் குறை என்று மட்டும் கருதிவிடலாகாது. பிற முனைகளைத் தேடுவதற்கு, இணைந்துள்ள தடத்தை விட்டுக் கருவி சிறிது விலகவேண்டும். அவ்வேளையில் தரவுப் பரிமாற்றம் தடைபடும். மின்கலத்தின் ஆற்றலும் செலவாகும். சிறு வேறுபாட்டுக்கெல்லாம் மாறினால், இரு முனைகளுக்கு நடுவே நிற்கும் கருவி இங்குமங்கும் தாவிக்கொண்டே இருக்கும். அதனைத் தவிர்க்கவே எல்லை வகுக்கப்பட்டுள்ளது. அந்த எல்லை வீட்டின் அமைப்புக்குப் பொருந்தாதபோதுதான் இடர் எழுகிறது.

ஒன்றின் தவறு, அனைவருக்கும் இழப்பு

பொருந்தா முனையோடு இணைந்த கருவி, தனக்கு மட்டும் தீங்கு செய்துகொள்வதில்லை. ஒரு முனையோடு இணைந்த கருவிகள் அனைத்தும் ஒரே வானலைத் தடத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. பொதுவாக, ஒரு தடத்தில் ஒரு வேளையில் ஒன்றே பேச இயலும், ஏனையவை காத்திருக்கும். சைகை நலியும்போது, பிழையின்றிச் செய்தியை அனுப்புவதற்காகக் கருவியும் முனையும் தம் வேகத்தைக் குறைத்துக்கொள்கின்றன.

நொடிக்கு 300 மெகாபிட் வேகத்தில் இணைந்த கருவி, 300 மெகாபிட் தரவை ஒரு நொடியில் பெற்றுவிடும் எனக் கொள்வோம். நொடிக்கு 30 மெகாபிட் வேகத்தில் இணைந்த கருவிக்கு அதே தரவைப் பெற 10 நொடிகள் ஆகும். அந்த 10 நொடிகளும் பொதுவான தடத்திலிருந்து கழிகின்றன. மாடியில் தம்பி பார்க்கும் திரைப்படத்தால், கூடத்தில் முனைக்கு அருகிலேயே அமர்ந்து மருத்துவரோடு காணொலியில் பேசும் பாட்டியின் உரையாடல் தடைபடுவது இவ்வாறே. இதன் காரணம் அறியாதவர், கூடுதல் கட்டணத் திட்டத்துக்கு மாறுவர். மேலும் ஒரு முனையை வாங்கி வைப்பர். பணம் செலவாகும், குறை தீராது.

தெரிந்து தெளிவோம்

அலைநீளம் என்பது அலையின் திசைவேகத்தை அதிர்வெண்ணால் வகுத்துக் கிடைப்பது. மின்காந்த அலையின் திசைவேகம் நொடிக்கு ஏறத்தாழ 3,00,000 கிலோமீட்டர். ஆகவே, 2.4 கிகா ஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 12.5 சென்டிமீட்டர், 5 கிகா ஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 6 சென்டிமீட்டர். 2.4 கிகா ஹெர்ட்ஸ் பட்டையில் ஒன்றோடொன்று மேற்படியாத தடங்களாகப் பெரிதும் பயன்படுபவை 1, 6, 11 ஆகிய மூன்றே. நெருக்கமான குடியிருப்புகளில் அப்பட்டையில் நெரிசல் மிகுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பரிந்துரைக்கும் நெறிகள்

கருவியின் தேர்வுக்குத் துணைபுரிவதற்காக 802.11 நெறியோடு மூன்று இணைப்புகள் பின்னர்ச் சேர்க்கப்பட்டன. 2008ஆம் ஆண்டின் 802.11கே, அண்டை முனைகளின் பட்டியலைக் கருவிக்கு வழங்க வகைசெய்கிறது. இதனால் எல்லாத் தடங்களையும் துழாவாமல், குறிப்பிட்ட சில தடங்களை மட்டும் கருவி தேடினால் போதும். 2011ஆம் ஆண்டின் 802.11வி, ‘இம்முனையை விடுத்து அம்முனைக்கு மாறுக’ என முனை வேண்டிக்கொள்ள வழிவகுக்கிறது. 2008ஆம் ஆண்டின் 802.11ஆர், மாறும்போது நிகழும் பாதுகாப்புச் சரிபார்ப்பைச் சுருக்கி, இடைவெளியைக் குறைக்கிறது.

இம்மூன்றும் கருவிக்கு வழிகாட்டுவனவே. அதனைக் கட்டாயப்படுத்துவன அல்ல. மாறும்படி வந்த வேண்டுகோளைக் கருவி மறுக்கலாம். பழைய கருவிகள் பலவற்றுக்கு இந்நெறிகள் தெரியா. அத்தகைய கருவியின் இணைப்பை முனையே துண்டித்து, வேறு முனையை நாடச் செய்வதும் உண்டு. ஆனால், துண்டிக்கப்பட்ட கருவி மீண்டும் அதே முனையின் வாயிலில் வந்து நிற்கலாம். உரையாடலும் இடையில் அறுபடலாம். எனவே, இம்முறையைக் கடைசி வழியாகவே கொள்ளல் வேண்டும்.

நெறிப்படுத்தும் வழிகள்

கருவியின் தேர்வு அது கேட்கும் அலைகளைப் பொறுத்தது. ஆகையால், அவ்வலைகள் சென்று சேரும் சூழலைச் சீரமைப்பதே முதன்மையான வழியாகும்.

முதலாவது, முனைகளின் இடம். அலை எட்டாத அறைக்குள்ளேயே துணைமுனையை வைப்பது பலரும் செய்யும் பிழை. முதன்மை முனையின் அலை எட்டாத இடத்தில் துணைமுனைக்கும் நல்ல தொடர்பு கிடைக்காது. இரண்டுக்கும் இடைப்பட்ட இடமே, குறிப்பாக மாடிப்படியின் மேல்முகப்பு போன்ற திறந்த இடமே தக்கது. அதற்காக இரு முனைகளை மிக அருகருகே வைத்தலும் ஆகாது. அவ்வாறு வைத்தால் வீட்டின் எவ்விடத்திலும் பழைய முனையின் அலை ஓரளவு நன்றாகவே கேட்கும். கருவி அதனை விடாது.

இரண்டாவது, முனைகளுக்கு இடையேயான இணைப்பு. ஒரே தடத்தில் பெற்று அதே தடத்தில் அனுப்பும் துணைமுனையில் வேகம் ஏறத்தாழ பாதியாகக் குறையும். முனைகளைக் கம்பியால் இணைத்துவிட்டால் இக்குறை நீங்கும். இடம் தேர்வதிலும் கட்டுப்பாடு தளரும். வீடு கட்டும்போதே சுவருக்குள் வலையமைப்புக் கம்பிக்கான குழாய் பதித்துவைப்பது பிற்காலச் செலவைக் குறைக்கும்.

மூன்றாவது, அனுப்பும் ஆற்றல். ஆற்றலை உச்சத்தில் வைத்தால் நன்மையே எனப் பலர் எண்ணுகின்றனர். உரையாடலோ இருவழிப்பட்டது. முனையின் குரல் தொலைவிலுள்ள திறன்பேசிக்குக் கேட்கலாம். சிறிய மின்கலத்தால் இயங்கும் திறன்பேசியின் மெல்லிய குரல் முனைக்குக் கேட்கவேண்டுமே! ஆற்றலை அளவாகக் குறைத்தால், விலகிச் செல்லும் கருவி உரிய நேரத்தில் எல்லையைத் தாண்டி அடுத்த முனையைத் தேடும். இவ்வசதி எல்லாத் தொகுப்புகளிலும் இல்லை. சில திசைவிகளில் உண்டு.

நான்காவது, இடம்பெயராக் கருவிகளைப் பிணைத்தல். தொலைக்காட்சி, கண்காணிப்புக் கேமரா, அச்சுப்பொறி முதலியன ஓரிடத்திலேயே இருப்பவை. இவற்றைக் குறிப்பிட்ட முனையோடு பிணைக்கும் வசதி சில தொகுப்புகளின் செயலியில் உண்டு. கம்பி எட்டுமாயின் தொலைக்காட்சியைக் கம்பியாலேயே இணைத்துவிடுவது இன்னும் சிறந்தது; வானலைத் தடம் பிற கருவிகளுக்குக் கிடைக்கும். இடம்பெயரும் திறன்பேசியையும் மடிக்கணினியையும் பிணைத்தல் கூடாது. அறை மாறினாலும் அவை பழைய முனையோடே கட்டுண்டு கிடக்கும். பிணைப்பு, கருவியின் முகவரி எண்ணைக் கொண்டு நிகழ்வது. ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 ஆகியவை முதல், தனியுரிமை கருதித் திறன்பேசிகள் உண்மை முகவரிக்கு மாற்றாகப் புனைமுகவரியைப் பயன்படுத்துகின்றன. முனையின் செயலியில் அறிமுகமில்லா முகவரி தோன்றினால் இதனை நினைவிற்கொள்ள வேண்டும்.

ஐந்தாவது, தனிப்பெயர். மின்விளக்கு, மின்விசிறி முதலியவற்றை இணையவழி இயக்கும் சிறுகருவிகள் பலவும் 2.4 கிகா ஹெர்ட்ஸ் பட்டையை மட்டுமே அறியும். அப்பட்டைக்குத் தனிப்பெயர் இட்டு அவற்றைச் சேர்ப்பது ஒரு முறை. ஒவ்வொரு முனைக்கும் தனிப்பெயர் இட்டால், எந்த முனையோடு இணைவது என்பதை மனிதரே தேர்வு செய்யலாம். ஆனால், அறை மாறும்போதெல்லாம் அவரே மாற்றவும் வேண்டும். இடையறாத பயணம் என்னும் கண்ணிவலையின் பயன் அத்தோடு நீங்கிவிடும்.

ஆறாவது, கருவியின் அமைப்பு. சில மடிக்கணினிகளின் அருகலைப் பொறியில், எவ்வளவு விரைந்து முனை மாறுவது என்பதைப் படிநிலைகளாக அமைக்க இயலும். லினக்ஸ் இயங்குதளத்தில் முனையின் அடையாள எண்ணைக் குறிப்பிட்டு இணைக்கவும் முடியும். திறன்பேசிகளில் பெரும்பாலும் இவ்வசதி இல்லை. அங்கே எளிய வழி ஒன்றுண்டு. வகுப்பு தொடங்குமுன், அமரும் இடத்திற்கு வந்தபின், அருகலையை ஒருமுறை அணைத்து மீண்டும் இயக்கினால், கருவி புதிதாகத் தேடி, பெரும்பாலும் அருகிலுள்ள வலிய முனையைத் தேரும்.

கண்டறிந்து செயற்படல்

எதனையும் மாற்றுமுன் குறை எங்கே உள்ளது என்பதைக் காணவேண்டும். முதலில், முதன்மை முனையோடு ஒரு கணினியைக் கம்பியால் இணைத்து வேகத்தை அளக்க வேண்டும். அங்கேயே வேகம் குறைவாயின், குறை வெளியிலிருந்து வரும் இணைப்பில் உள்ளது. முனைகளை மாற்றுவதால் பயனில்லை. அங்கே வேகம் நன்றாக இருப்பின், ஒவ்வோர் அறையிலும் நின்று, கருவி எந்த முனையோடு இணைந்துள்ளது என்பதை முனையின் செயலியில் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். சைகையின் வலிமையையும் வேகத்தையும் உடன் எழுதிக்கொண்டால், எந்த அறையில் எந்தக் கருவி பொருந்தா முனையைப் பற்றியிருக்கிறது என்பது புலப்படும். அதன்பின் ஒரு வேளையில் ஒன்றை மட்டும் மாற்றி, மீண்டும் அளந்து ஒப்பிட வேண்டும். பலவற்றை ஒருங்கே மாற்றினால், எதனால் நன்மை விளைந்தது என்பது தெரியாமற்போகும்.

கண்ணிவலையில் முனையைத் தேரும் உரிமை கருவியிடமே உள்ளது. அவ்வுரிமையைப் பறிக்க முயல்வதைவிட, எது வலிய முனை என்பதைக் கருவி ஐயமின்றி உணரும்படி முனைகளை அமைப்பதே பயன் தரும். அதற்கு வேண்டுவன அளவிடும் பழக்கமும், காரணத்தை ஆராயும் பொறுமையும் ஆகும். கட்டணத்தை உயர்த்துமுன் ஒரு முனையின் இடத்தைப் படிக்கட்டுவரை நகர்த்திப் பார்க்கும் மாணவர், வீட்டின் செலவையும் தம் வகுப்பையும் ஒருசேரக் காத்துக்கொள்கிறார்.